ஒற்றை அணுவின் கணக்கு

தொண்ணூற்று மூன்று, ஜனவரி.
நாகர்கோவில் கருத்தரங்கின் மூன்றாம் நாள் மதியம்
எல்லாரும் கன்னியாகுமரிக்குப் படகேறப் போய்விட,
எமில் கோர்பியானு மட்டும் என்னிடம் வந்து
மண்ணைப் பார்க்க வேண்டும் என்றார்.
கடல் வேண்டாமாம். மண்.

துறைத்தலைவர் தன் அம்பாசடரைத் தந்தார்,
பெட்ரோல் கணக்கை எழுதி வைக்கச் சொல்லி.
கூடத்துக் கைகர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

அம்மாண்டிவிளை வருவதற்குள்
அறுபத்திரண்டு வருடத்தைச் சொல்லி முடித்துவிட்டார்.
பஷ்கனி என்ற ஊரில் அப்பாவுக்கு ரயில்வே சிக்னல் வேலை.
இருபத்தாறாம் வயதில் எழுதிய கட்டுரை,
தோரியத்தின் சுவரை ஆல்ஃபாத் துகள் எப்படிக் கடக்கிறது என்று.
கட்டுரை கோபன்ஹேகன் போயிற்று.
அவர் போகவில்லை.
பாஸ்போர்ட்டுக்குப் பதினோரு விண்ணப்பம்,
பதினோரு முறையும் ஒரே வாக்கியத்தில் பதில்.

வருடப் பிறப்பில் தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு
போலீஸ் நிலையம் போக வேண்டுமாம்,
எல்லா எழுத்தையும் அடித்துக் காட்ட.
ஒருமுறை, சமன்பாடு ஒன்றை அடிக்கட்டுமா என்று
விளையாட்டாகக் கேட்டதற்கு
இரண்டு நாள் உள்ளே.
எண்பத்தைந்தில் ஆய்வுக்கூடத்து வெப்பக் குழாய்களை
அடைத்துவிட்டார்கள்.
கையுறையோடு எழுதியது அந்த வருடக் கட்டுரை.
"அதில் ஆல்ஃபாவும் காமாவும் ஒன்றுபோல் இருக்கும்,
என் மாணவர்கள் இன்னும் திட்டுகிறார்கள்."

தோரியத்தை மட்டும் கண்ணால் பார்த்ததே இல்லை.

மணவாளக்குறிச்சிக் கரையில்
செருப்பைக் கழற்றிவிட்டு, கருமணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.
பெட்டியைத் திறந்தேன்.
டக். டக்டக். டக்.
சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.
யாருமில்லை.
"பழக்கம்," என்றார்.

எனக்கு அப்போது முப்பது வயது, கொஞ்சம் கவிதைக் கிறுக்கும் உண்டு.
சுவரில் முட்டி முட்டி
ஒருநாள் வெளியே வந்துவிடும் துகள்,
பதினோரு விண்ணப்பம்
என்று தொடங்கினேன்.
கையை உயர்த்தி நிறுத்தினார்.
"வேண்டாம் மிஸ்.
துகளுக்கு வெளியே போகிற ஆசை கிடையாது.
எனக்கு இருந்தது."

நெத்தலி காய வைத்துக்கொண்டிருந்த பெண்
ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள்.
"இவரு பெரிய படிப்பு படிச்சவரு தானே?
கேளு மக்கா,
இந்த மண்ணா எங்க வீட்டு ஆளத் தின்னுச்சு?"

ஆங்கிலத்தில் சொன்னேன்.
பெட்டி ஒலித்துக்கொண்டே இருந்தது.
ரொம்ப நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல்,
"ஒரு பிடி மணலைக் கேட்டால்
நிமிடத்துக்கு எத்தனை என்று சொல்லிவிடுவேன்.
ஒரே ஓர் அணுவைக் கேட்டால்,
இன்றைக்கா, ஆயிரத்து நானூறு கோடி வருடம் கழித்தா,
தெரியாது.
ஒரு மனிதரைக் கேட்டாலும் அப்படித்தான்."

தமிழில் பாதிதான் வந்தது.
அவளுக்கு அது போதுமாக இருந்தது.
"எனக்கு ஒரு ஆளுதானே இருந்தாரு," என்றாள்,
நெத்தலியைத் திருப்பிப் போடப் போய்விட்டாள்.

அதையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ.
கோர்பியானு குனிந்து
பெட்டியை அணைத்தார்.

நான்கு வருடம் கழித்து ஒரு கடிதம்.
ஒரே வரி: அந்தப் பெண்ணின் பெயரை எப்படி எழுதுவது?
கேட்டிருக்கவே இல்லை நான்.
ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.
"எம் பேரு எதுக்கு?
அவரு பேர எழுதச் சொல்லு.
மரிய சூசை."

கோர்பியானு இறந்த பிறகுதான் வந்து சேர்ந்தது அவரது கடைசிக் கட்டுரை.
பதினேழு பக்கமும் சமன்பாடு.
நன்றி சொல்லும் இடத்தில் இரண்டு பேராசிரியர்கள்,
அடுத்து, எழுத்துப் பிழையோடு, மரிய சூசை.

துறைத்தலைவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இது யாரு? எந்த யுனிவர்சிட்டி?"
"மணவாளக்குறிச்சி, சார்."
"அங்க யுனிவர்சிட்டி இல்லையே," என்றார்.