மஞ்சள் பெட்டி

சனி இரவு ஆட்டம் ஓய்ந்து
பெங்களூர் வண்டிகள் தூங்கிக் கிடந்தன.
ஆண்கள் கழிப்பறைக் குப்பைப் பையை
அமுக்கிக் கட்டினான் சடையன்.
ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது.

ஏற்காட்டிலிருந்து இறங்கும் வழியெல்லாம்
கொண்டை ஊசி. இருபது.
என் பைக்கின் பின்னால்
விரலைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தான்,
ஓட்டுப் போட்டுவிட்டு வருபவன்போல.

சேலம் பெரியாஸ்பத்திரியில்
இருபத்தெட்டு நாளுக்கு மாத்திரை.
யார் போட்ட ஊசி என்றார்கள்.
"யாருன்னு பேர் எழுதியா சார் போடுவாங்க?"

திங்களன்று கேட்டேன்,
சுவரில் மாட்ட ஒரு மஞ்சள் பெட்டி.
முதலாளி சிரித்தார்:
"பெட்டி வெச்சா,
வாங்க, இங்கயே குத்திக்கங்கன்னு
நாமே போர்டு வெச்ச மாதிரி.
போலீஸ் கேட்டா நீயா பதில் சொல்லுவே?"

நான் பதில் சொல்லவில்லை.
சாப்பாட்டு நேரம். கதவைச் சாத்தி
வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டேன்.
ஊசியைப் பழைய பில்லில் சுற்றி
மேசையடிக் கூடைக்குக் கொண்டுபோனது
பதினோரு வருஷமாய்ப் பழகிய கை.
அந்தக் கூடையையும்
சடையன்தான் எடுக்கிறான்.

பாதியில் நின்றது கை.

காலி ப்ளீச்சிங் கேன் ஒன்று,
தடித்த பிளாஸ்டிக்.
மூடியில் ஓட்டை போட்டு
மஞ்சள் பெயின்ட் அடித்து
ராத்திரியோடு ராத்திரியாக மாட்டினேன்.
பெயின்ட் எழுபது ரூபாயை
இதர செலவில் எழுதினேன்.

முதலில் விழுந்தது என்னுடையது.

ஞாயிறு காலை குலுக்கிப் பார்த்தேன்.
ஒன்றுக்கு மேல் சத்தம்.
சடையனுக்கு இன்னும்
இருபத்தொரு நாள் மாத்திரை பாக்கி.
முதலாளி இன்னும்
கழிப்பறைப் பக்கம் வரவில்லை.