ஒரே விசிறி

ஆரம்பாக்கத்தில் மே மாதம்
பகல் பதினொன்றுக்கே சுவர் சுடுகிறது.
கிலோ பதினைந்து என்று
டெம்போக்காரர் தள்ளிவிட்டுப் போன ருமானி,
எல்லாம் ஒரு பக்கம் அடி.
பிரிட்ஜ் இல்லை. நாளைக்குத் தாங்காது.

மூன்று பேருக்கு ஒரு அறை,
ஒரு அடுப்பு, ஒரு விசிறி.
இரவு ஷிப்ட் முடித்துத் தடாவிலிருந்து வந்த பிரமீளா
பாயில் கிடக்கிறாள்,
கண்மேல் ஈரத் துண்டு.
விசிறி ஓடினால் தீ படுத்துக்கொள்ளும்.
நின்றால் இவள் எழுந்துகொள்வாள்.

சூட்கேஸை விரியத் திறந்து
அடுப்புக்கு மறைவாக நிறுத்தினேன்.
வாங்கிய இரண்டு வருஷத்தில்
அது செய்த உருப்படியான வேலை.

நல்ல பக்கம் மட்டும் நறுக்கி
கொட்டையைக் கையாலேயே பிழிந்து
அச்சுவெல்லம் மூன்று,
கரைத்த அரிசிமாவு ஒரு கரண்டி,
உப்பு, ஞாபகம் வந்தால்.
கைவிடாமல் கிண்டு, அவ்வளவுதான்.
ஆனால் குமிழ் வெடித்து மணிக்கட்டில் தெறிக்கும்போது
சத்தமில்லாமல் கத்தத் தெரிய வேண்டும்.

டம்ளர்களில் ஊற்றி
வாளித் தண்ணீரில் ஆற வைத்தேன்.
தண்ணீரே வெந்நீர்.

"ஏன்ட்டே வாசன?"
துண்டுக்கு அடியிலிருந்து குரல்.
ஆறட்டும் என்றேன்.
கண்மேல் கிடந்த துண்டை மடியில் விரித்து
வாணலியை அதன்மேல் இருத்தி
விரலால் வழித்தாள்.
"பெல்லம் எக்குவ."
சரிதானா என்று பார்க்க
இன்னொரு முறை வழித்தாள்.

மூன்றாவது டம்ளரைத் தட்டால் மூடினேன்.
வேதவல்லி வர ஆறு மணியாகும்.
அதுவரை தாங்குமா,
எங்கள் இருவரிடமிருந்து.