ஒன்பது பாட்டும் ஒரு ரயிலும்

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில்,
மூன்றாம் மாடி சாரிச் சட்டை தைக்கிற இடம்.
அதற்கு மேல் மொட்டை மாடி, தண்ணீர்த் தாங்கி, காகங்கள்.
நடுவே படி திரும்புகிற மூலையில்
எங்கள் அறை.
ஆகவே இசைக்குழுவின் பெயர் மூன்றரை மாடி.
வேறொன்றுமில்லை.

"நாலாம் மாடியைத்தான் சொல்கிறீர்களோ?"
பேட்டி எடுக்க வந்த பையன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.
டிரம்ஸ் துவான் ரம்சீன் சிரித்தான்.
கிற்றார் கவிந்துவுக்குக் கேள்வியே விளங்கவில்லை.
ஆரபி மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்,
சுற்றியதை அவிழ்த்து
மறுபடி சுற்றினாள்.
அவளுடைய அப்பா
எந்தக் கட்டடத்திலும் லிப்டில் ஏறமாட்டார்.

அந்த வருசம்
பாட்டின் நீளத்தை மின்சார சபை தீர்மானித்தது.
பேப்பரில் வந்த நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டி
வெளிச்சத்துக்குள் வாசித்தோம்.
ஆறாவது பாட்டு ஏன் அப்படிச் சட்டென்று முடிகிறது,
என்ன துணிச்சல் என்கிறார்கள்.
அது முடியவில்லை.
கரண்ட் போனது.

நாலாவதில் வருகிற ரயிலும் அப்படித்தான்.
யன்னல் கண்ணாடி உடைந்த இடத்தில்
பிஸ்கட் பெட்டி மட்டை வைத்திருந்தோம்.
அளுத்கம ரயில் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது.
ஆரபி நிறுத்தவில்லை,
ஹோர்னுக்கு மேலே ஏறிப் பாடினாள்.
திரும்பப் பாட டீசல் இல்லை, ஜெனரேட்டரில்.

முந்நூறு குறுந்தட்டு அடித்தோம்.
மிச்சம் இருநூற்றுப் பன்னிரண்டு
என் கட்டிலுக்குக் கீழே.
நவம்பர் மழைக்கு உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகை
ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் போட்டது.
பெயரைப் பார்த்துப் போட்டிருப்பான் என்றான் ரம்சீன்.
ரயில்தான் தொகுப்பின் உச்சம் என்று எழுதியிருந்தது.
தமிழ்ப் பத்திரிகை:
இசை இருக்கிறது, வலி எங்கே?
சிங்கள வானொலியில் ஒருவர் அன்பாகப் பேசினார்,
பல்லவியை மட்டும் சிங்களத்தில் மாற்ற ஏலுமா என்று.
கல்யாண மண்டபக்காரர் ஒருவர்
முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு,
"நல்லா வாசிக்கிறீங்கள். சினிமாப் பாட்டுத் தெரியுமோ?"
டொரன்டோவிலிருந்து ஏழு பிரதி கேட்டார்கள்.
ஆறுதான் போய்ச் சேர்ந்தது.

ஒன்றிலும்
பேஸ் கிற்றார் பற்றி ஒரு வரி இல்லை.
பேஸ் நான்.

பிறகு ஒருநாள் படியில் ஃபர்ஸான் மறித்தான்,
மூன்றாம் மாடியில் துணி வெட்டுகிறவன்.
மடியில் யாருடையதோ நீலச் சட்டையின் கை,
உடம்பு இன்னும் பொருத்தாதது.
"மச்சான், ரெண்டாவது பாட்ட ஏன் மாத்தின?
ஜூன்ல வாசிச்சீங்களே, அதுதான் நல்லம்."

ஜூனில் என்ன வாசித்தோம்?
வன்தட்டில் இடமில்லாமல் அழித்த பத்தில் ஒன்று.
ஒருவருக்கும் ஞாபகமில்லை.
கவிந்து தன் ஃபோனில் தேடினான், ஆரபி கொப்பியில்.

ஃபர்ஸான் உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுக்காமலே
முனகிக் காட்டினான்.
ஆரபியின் மெட்டு அதில் இல்லை. சொல்லும் இல்லை.
தளம் துளைத்துக் கீழே போவது
டிரம்மின் அடியும் என் நாலு கம்பியும் மட்டும் என்று
அப்போதுதான் உறைத்தது.
பதினொரு மாதம்
எங்கள் பாட்டு என்று அவன் கேட்டது
என்னை.

ஒரு சுரம் பிழைத்தது.
பிழை அவனுடையதா,
ஜூனில் நான் விட்டதா,
சொல்லத் தெரியவில்லை.
ஃபோனை நீட்டிப் பதிவு செய்யத் தொடங்கினேன்,
தையல் மெசின் இரைச்சலோடு.

பாதியில் ரயில் வந்தது.
ஃபர்ஸான் நிறுத்தினான்.
கடைசிப் பெட்டியும் தெகிவளைப் பக்கம் போய் மறைந்தபின்
விட்ட இடத்திலிருந்தே பிடித்தான்.
நாங்கள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.