பதினேழு பேரும் புனிதவதியும்

காட்பாடி சாலையில் மாடிமேல் எங்கள் ஆபீஸ்.
கீழே கண் ஆஸ்பத்திரி, எதிரே பரோட்டா கடை.
மூட்டைக் கணக்கில் ஜெயித்த
சிமெண்ட் டீலர்கள் பதினெட்டுப் பேருக்கு
இந்த வருஷம் பாங்காக் இல்லை,
கரீபியன் தீவு என்று சொல்லிவிட்டது கம்பெனி.
குறிப்பு எழுதித் தரவேண்டியவன் நான்.
நான் பார்த்த தீவு
பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளங்களுக்கு நடுவே
மிஞ்சி நிற்கும் ஒரு மேடு.

எழுதினேன்:
வேன் இரவு ஒன்பதுக்கு, கிரீன் சர்க்கிளில்.
ஒன்பது என்றால் ஒன்பது.
ஸ்ரீபெரும்புதூரில் லாரிகள் வழிவிடாது.
லண்டனில் இறங்கி மாறவேண்டும்.
ஊறுகாய் பாட்டில் பெட்டியில் இருக்கட்டும், கையில் வேண்டாம்.
அங்கே செல்வதும் டாலர்தான், அமெரிக்க டாலர் அல்ல.
ஒரே பெயரில் இரண்டு பேர்,
இனிஷியல் பார்த்து வாங்குங்கள்.
நேரம் நமக்கு ஒன்பதரை மணி பின்னால்.
நீங்கள் அங்கே காலையில் இட்லி தேடும்போது
இங்கே உங்கள் கடைப்பையன் லோடு இறக்கி முடித்திருப்பான்.
சாயங்காலம் நினைவு வந்து
அவனுக்குப் போன் போடாதீர்கள், தூங்கட்டும்.

ராணுவப் பச்சைத் திட்டு போட்ட துணி உடுத்தக்கூடாது,
சட்டப்படி குற்றம்.
(ஆரணி தெய்வசிகாமணி அதே டிசைனில் மூன்று டவுசர்
லாங் பஜாரில் வாங்கிவிட்டார்.
கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை.)

மணலோரம் குட்டி ஆப்பிள்போல் பழுக்கும் ஒரு மரம்.
தின்னாதீர்கள். மழைக்கும் அடியில் ஒதுங்காதீர்கள்.
இலை வழிந்த நீர் பட்டாலே கொப்புளம்.
மேல்விஷாரம் அல்லாபக்ஷ் போன் பண்ணினார்:
"மரத்தடியில நின்னா தப்பா? என்னா ஊர் தம்பி அது?"

வெயிலுக்குக் களிம்பு தடவவும் என்றிருந்தது.
வேலூர்க்காரர்களுக்கா என்று
அந்த வரியை அடித்துவிட்டேன்.

கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்காதீர்கள்.
முதலில் வணக்கம்.
பதில் வரும்வரை காத்திருங்கள்.
இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.
இதை எழுதிய சாயங்காலம்
டீக்கடையில் சும்மா சொல்லிப் பார்த்தேன்:
வணக்கம்ணே.
கிளாஸைக் கழுவியபடியே கேட்டார்,
"பாக்கி எவ்ளோ சேர்ந்துடுச்சு?"

விரிஞ்சிபுரம் மார்க்கபந்துவுக்கு ஒரே சந்தேகம்,
தயிர் கிடைக்குமா.
பெயரிலேயே வழித்துணை இருக்கிறது,
தயிருக்குத்தான் துணை இல்லை.

குடியாத்தம் புனிதவதி மட்டும் நேரில் வந்தார்.
பட்டியலில் ஒரே பெண்.
மாவட்டத்திலேயே அதிக மூட்டை அவர் கணக்கில்.
தனி ரூம் போட்டாச்சு மேடம் என்றேன், கேட்பதற்குள்.
அதற்காக வரவில்லை.
நகக்கண்ணில் சிமெண்ட் படிந்த விரலை
வரிவரியாக நகர்த்தி முழுதும் படித்தார்.
"கடல்ல எறங்க டைம் உண்டா?
மகாபலிபுரத்துல முட்டி நனையறதுக்குள்ள
போலீஸ்காரன் விசில் ஊதிடறான்."
அங்கே யாரும் ஊத மாட்டாங்க மேடம்.
"நீ பாத்தியா?"
பார்க்கவில்லை.
"சுடிதாரோட எறங்கலாமா?"
அதுவும் தெரியவில்லை.
சரி, கேட்டுச் சொல்லு என்று எழுந்தார்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ராத்திரி அந்த ஹோட்டலுக்கு மெயில் எழுதினேன்.
முதல் வரியில் வணக்கம் மட்டும் வைத்து
ஒரு வரி இடம் விட்டு
அதன் பிறகுதான் கேள்வி.
அங்கே அப்போது மத்தியானம்.
யாரோ சாப்பிட்டு முடித்து வந்து படித்திருக்கவேண்டும்.
விடிவதற்குள் பதில்:
உங்களுக்கும் வணக்கம்.
எந்த உடையிலும் இறங்கலாம்.
காலை ஆறு மணிக்கு அலை குறைவு,
இடுப்பளவு ஆழம்வரை தரை தெரியும்.

குறிப்பின் கடைசியில் சேர்த்தேன்,
பதினெட்டுப் பேருக்கும் பொதுவாக:
கடல் காலை ஆறு மணிக்கு.
விசில் கிடையாது.

மார்க்கபந்து உடனே கூப்பிட்டார்.
விசில் இல்லாட்டிப் பரவாயில்லை தம்பி,
குக்கர் எடுத்துப் போக விடுவாங்களா?