ஐந்தரை லிட்டர்

ஒரு மணிக்கு ராதிம் ரொட்டி சுடக் கிளம்புவான்.
கதவு சாத்தும் சத்தம், லிஃப்ட் இறங்கும் சத்தம்,
பிறகு கடைசி டிராம் வளைவில் இழுக்கும்
அந்தக் கிறீச்.
அதற்குப் பிறகுதான் ப்ர்னோ நகரம்
என் மைக்ரோஃபோனுக்குத் தோதாக
வாய் மூடும்.

நான் பணிமனையிலிருந்து திரும்புவது பத்தரைக்கு,
டிராம் மோட்டார்களின் கிரீஸ் நகக்கண்ணில்.
அவனும் நானும் சேர்ந்து விழித்திருப்பது
இரண்டரை மணி நேரம்.
சூப், சண்டை, சமாதானம்
எல்லாம் அதற்குள்.

பலகையை அடித்தளத்தில்
துணி உலர்த்தும் அறையில் அறுத்தேன்.
தன் போர்வையெல்லாம் மரத்தூள் என்று
திருமதி ஸ்மெய்கலோவா
குடியிருப்போர் குழுவுக்கு எழுதினாள்.
நியாயம்தான்.

வட்டத் துளை இரண்டு மில்லிமீட்டர் பெரிதாகிவிட்டது.
ஒப்புக்கொள்ள இரண்டு நாள்,
சரிசெய்ய இருபது நிமிடம்.
கவ்விகள் போதவில்லை.
பசை காயும்வரை மூடியின் மேல்
ஆறு ஜாடி வெள்ளரி ஊறுகாய்
காவல் நின்றது.

உள்ளே ஐந்தரை லிட்டர் காற்று.
ராதிமின் மாவுத் தொட்டியில் ஒரு மூலை.
அதற்குள் ஒரு டபுள்பேஸ் வந்து
காலை நீட்டி உட்கார வேண்டுமென்று ஆசை.
கணக்கு சிரித்தது:
பாதி அதிர்வெண்ணுக்கு இறங்கினால்
பதினாறு மடங்கு வலு கேட்கும்,
ஆம்ப்ளிஃபையர் நாக்குத் தள்ளும்.
எழுபது ஹெர்ட்ஸில் நிறுத்திக்கொண்டேன்.
சின்னப் பெட்டி, சின்ன வாக்குறுதி.

பூட்டிய அன்று
பெரிய கூம்பை விரல்நுனிகளால் அழுத்தினேன்.
துள்ளி வரக் கூடாது.
எங்கும் கசியாத பெட்டி என்றால்
மெதுவாகத்தான் திரும்பும்,
தூக்கத்தில் புரண்டு படுப்பவர் போல.
திரும்பியது.

ஆம்ப்ளிஃபையர் இரண்டு:
தடித்த குரலுக்கு ஒன்று, மெல்லிய குரலுக்கு ஒன்று.
இரண்டாயிரத்து நூறு ஹெர்ட்ஸில் கைமாற்றம்.
அந்த இடத்தில் இருவரும்
ஒரே சொல்லை ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும்.
சொல்கிறார்களா என்று பார்க்க
ஒரு குறுக்கு வழி உண்டு:
சின்னதன் சிவப்பையும் கறுப்பையும்
மாற்றிப் பூட்டு.
ஒருவர் தள்ள, மற்றவர் இழுப்பார்.
பொருத்தம் சரியென்றால்
அந்த ஓரிடத்தில் ஒலியே இராது,
திரையில் ஓடும் கோடு
கிணற்றுக்குள் விழும்.
எவ்வளவு ஆழமோ அவ்வளவு இசைவு.

மூன்று இரவு வெறும் பள்ளம்,
மழைத்தண்ணீர் தேங்குமளவு.
தாமதத்தை மைக்ரோ நொடிகளில்
உப்புப் போடுவதுபோல் கூட்டினேன்.
இடையில் ஃப்ரிட்ஜ் முனகி
ஓர் அளவீடு பாழ்.
ஃப்ரிட்ஜை அணைத்தேன்.
(பால் திரிந்தது வேறு கதை.)

நான்காம் இரவு மூன்று இருபதுக்கு
கோடு சடாரென்று இறங்கியது
முப்பத்தோரு டெசிபெல்.
சுவருக்கு அந்தப்பக்கம் கைக்குழந்தை.
தலையணையில் முகம் புதைத்துக் கத்தினேன்,
கத்தியவாக்கில் தூங்கிப்போனேன்.

விழித்தபோது பதினொன்று.
ராதிம் சோபாவில், காலணியைக்கூடக் கழற்றாமல்.
பெட்டியின் மேல் மாவுப் பையைக் கிழித்து எழுதிய சீட்டு:
“அழகாக இருக்கிறது.
ரேடியோ போட்டுக் கேட்டேன்.
வானிலை சொல்கிறவருக்கு
முன்பல் ஒன்று விழுந்துவிட்டதா?”

மாற்றிய கம்பி மாற்றியபடியே.

நான்கு இரவு, நாற்பது வரைபடம்,
வாடகைக்கு எடுத்த மைக்ரோஃபோன்.
மாவு அப்பிய காதோடு வந்தவன்
காலணியோடு படுக்கும் முன்
கிணற்றைக் கண்டுவிட்டான்.

திருகாணிகளைக் கழற்றினேன்.
சிவப்பைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில்.
போட்டுப் பார்க்கவில்லை,
தூங்குகிறான்.
பணிமனைக்கு நேரமாகிவிட்டது.
எழுந்ததும் அவனே கேட்டுக்கொள்ளட்டும்:
மாலையில் மழை என்பார்கள்,
எல்லாப் பல்லோடும்.