இரண்டு பரிமாறல்

பாண்டன் லூப், மூன்றாம் மாடி, பதினெட்டு டிகிரி.
போலந்திலிருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்றுக்கு
நாற்பத்தெட்டு சாக்லெட்.
ஒவ்வொன்றின் முதுகிலும்
தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு வெள்ளை ஸ்டிக்கர்.
அவர்கள் எழுதியதை மறைத்து
நாங்கள் எழுதியதை ஒட்டுவது என் வேலை.
காலை எட்டரையிலிருந்து மாலைக்குள்
இரண்டாயிரம் முதுகுகள்.

தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்:
சக்தி இருநூற்று ஐம்பத்தேழு கலோரி,
கொழுப்பு பதின்மூன்று கிராம்,
மாவுச்சத்து முப்பத்தொன்று,
அதற்குள்ளேயே பதுங்கியிருக்கும் சர்க்கரை இருபத்தாறு,
புரதம் நான்கு.
சோடியம் மட்டும் மில்லிகிராமில் பேசும்,
தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ள.
டிரான்ஸ் கொழுப்பு: பூஜ்யம்.
இல்லாததற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள்.
என் சம்பளச் சீட்டிலும் அப்படி ஒரு வரி உண்டு,
போனஸ்.

ஜூலையில் ஒரு நாள்
அச்சகத்தில் ஏழு விழுந்துவிட்டது.
இருநூற்று ஐம்பத்தேழு
வெறும் இருபத்தைந்தாக வந்து இறங்கியது.
அறுநூறு ஒட்டிய பிறகுதான் மெய்ஃபாங் கண்டுபிடித்தாள்.
அதற்குள் ரொஹாயா,
நசுங்கியவற்றைப் போடும் கூடையிலிருந்து
"இருபத்தைந்துதானே" என்று
மூன்றைத் தின்று முடித்திருந்தாள்.
வயிறு ஸ்டிக்கரைப் படிப்பதில்லை.

பிற்பகல் முழுக்க உரித்தோம்.
சூடு காட்டினால் பசை விடும்,
சாக்லெட்டும் விட்டுவிடும்,
அதனால் நகத்தால்.
உரித்த இடத்தில்
வாலும் கொம்பும் முளைத்த எழுத்துகள்.
ஒன்றும் விளங்கவில்லை.
நடுவே 257, 13, 31, 4 மட்டும்
வெளியூர் விமான நிலையத்தில் எதிர்ப்பட்ட
நம்ம புளோக்காரர்கள் மாதிரி நின்றன.

கை ஓய்ந்த நேரத்தில் கூட்டிப் பார்த்தேன்.
பதின்மூன்றும் முப்பத்தொன்றும் நான்கும்
நாற்பத்தெட்டு.
பொட்டலமோ ஐம்பது கிராம்.
இரண்டு கிராம் எங்கே போயிற்று?
டெஸ்மண்ட் சிரிக்கவில்லை, அதுதான் அவர் குணம்.
ஆய்வுக்கூடத்துக்கு மின்னஞ்சல் போட்டார்.
வியாழக்கிழமை பதில் வந்தது, இரண்டே சொல்:
ஈரப்பதம், சாம்பல்.

"சாம்பலா?" என்றாள் ரொஹாயா
வயிற்றைத் தொட்டுக்கொண்டு.
எரித்துப் பார்ப்பார்களாம்.
இனிப்பு போகும், நெய் போகும், கடலை போகும்,
எரிய மறுப்பது மட்டும்
கிண்ணத்தின் அடியில் வெள்ளையாய்க் கிடக்குமாம்.
அதை அச்சிட வேண்டியதில்லை.
அன்று நான் ஒட்டியவை எல்லாம்
கொஞ்சம் நேராக இருந்தன.
ஏன் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை
புக்கிட் பாத்தோக் பேரங்காடியில்
ஐந்து கிலோ அரிசியோடு வரிசையில் நின்றேன்.
எனக்கு முன்னால் பள்ளிச் சட்டையில் இரண்டு பையன்கள்,
ஒருவன் கையில் எங்கள் சரக்கு.
ஸ்டிக்கர் இடப்பக்கம் சரிந்திருந்தது.
அந்தச் சரிவு என் கைச்சரிவு,
ஐந்து மணிக்கு மேல் வருவது.
அதன் கடைசி வரி:
ஒரு பொட்டலத்தில் இரண்டு பரிமாறல்.
எத்தனை தடவை சிரித்திருப்பேன் அந்த வரியைப் பார்த்து.
யார் பாதியைத் தின்றுவிட்டுப்
பாதியை மூடிவைக்கிறார்கள்?
என் வீட்டிலும் முழுசாகத்தான்.
பந்தியில் அடுத்த இலை இல்லை.

காசு கொடுத்தவன் வாசலிலேயே உறையைக் கிழித்தான்,
கலோரிக்கும் கொழுப்புக்கும் நடுவே.
உடைத்தான்.
முப்பதும் இருபதுமாக உடைந்தது.
முப்பது தனக்கு.
மற்றவன் வழக்காடவில்லை,
ஓசியில் தராசு தூக்கக்கூடாதென்று தெரிந்தவன்.
ஒரே வாயில் போட்டுக்கொண்டு
விரல்களைத் திருப்பித் திருப்பி
நக்கிக்கொண்டே போனான்,
பேருந்து நிறுத்தம் வரைக்கும்.

முப்பதும் இருபதும் ஐம்பது.
அப்படியானால் விரலில் இருந்தது?

மறுபடியும் கணக்கு இடிக்கிறது.
திங்கட்கிழமை டெஸ்மண்டைக் கேட்கவேண்டும்.