வேகவைத்த கம்பிகள்

எட்டு மணி நேரம்
மத்தி மீனுக்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் நடுவே விரல்கள்.
பிறகு மத்தோசின்யோசில் மெட்ரோ ஏறி
போர்த்தோவில் இறங்கி நேரே இங்கே:
கடைகள் மூடிப்போன வணிக வளாகத்தின் இரண்டாம் தளம்,
முன்பு செருப்பு விற்ற அறை.
சுவரில் இன்னும் அளவுகள், முப்பத்தாறு, முப்பத்தேழு.
இரண்டு முறை சோப்பு போட்டுத்தான் வருகிறேன்.
ஆனாலும்
உப்பிட்ட விரலை உள்ளளவும் நினைக்கிறது
என் பேஸ் கிட்டாரின் கம்பி.

ஹார்மோனிக் என்பது அழுத்தாத சுரம்.
பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே, கம்பியின் சரிபாதியில்,
இஸ்திரிப்பெட்டி சுடுகிறதா என்று பார்ப்பதுபோல்
ஒரு விரல். மீட்டிய கணமே எடுத்துவிட வேண்டும்.
பாதியில் ஒரு மணி ஒலிக்கும்.
மூன்றில் ஒன்றில், ஏழாம் மெட்டில், அதைவிட மெலிந்த மணி.
கால் பங்கில், ஐந்தாம் மெட்டில், இன்னும் மெலிந்தது.
கம்பி புதிதென்றால் அப்பாலும் போகலாம்,
நான்காம் மெட்டுக்கு மயிரிழை முன்னே,
மூன்றைத் தாண்டி மயிரிழை,
பித்தளைக் குறி எதுவும் வழி சொல்லாத இடங்கள்.

என் கம்பிகளுக்குப் பதினான்கு மாதம்.
சுற்றின் ஒவ்வொரு சந்திலும்
எண்ணெய், செதிள் தூள், என் தோல்.
ஓரிடம் கனத்திருக்கிறது, ஓரிடம் தேய்ந்திருக்கிறது,
பாதி என்று நான் தொடுகிற இடம் இப்போது பாதி இல்லை.
பன்னிரண்டு பேசும். ஏழு முனகும்.
ஐந்தில் மரக்கதவைத் தட்டிய சத்தம்.
அதற்கப்பால் வீட்டில் ஆளில்லை.

சனிக்கிழமை ஒலிப்பதிவு.
சுல்மிரா எழுதிய பாட்டு எட்டு ஹார்மோனிக்கில் தொடங்குகிறது,
தனியாக,
ஒளிந்துகொள்ள ஒரு டிரம் தட்டுகூட இல்லாமல்.
புது செட் முப்பத்திரண்டு யூரோ.
அந்த வாரம் பார்த்து வாஷிங் மெஷினும் செத்திருந்தது.
"வேகவை" என்றான் அதேரித்து,
டிரம் திருகிலிருந்து தலை தூக்காமல்.
"பத்து நிமிஷம். உருளைக்கிழங்குப் பானை போதும்."

வெள்ளி இரவு அடுப்பின் மேல்
நான்கு விலாங்குகள் சுருண்டு புரண்டன.
தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி,
மேலே எண்ணெய்க் கண்கள் திறந்தன.
எனக்குத் தெரிந்த வாசனை:
தொழிற்சாலை, மூன்றாம் வரிசை, மதியம்.
என் மகன் எட்டிப் பார்த்து
"சூப்பா?" என்றான்.
துடைத்து, உலர்த்தி, முறுக்கேற்றும்போது
ஏ கம்பி மட்டும் பழைய மடிப்பில்
பட்டென்று போனது.

ஆக மூன்று வெந்தவை, ஒன்று காலையில் வாங்கியது,
பதினொரு யூரோ.

தடித்த கம்பியின் ஐந்தும் ஏ கம்பியின் ஏழும்
ஒரே சுரமாக வேண்டும், அப்படித்தான் சுருதி சேர்ப்பேன்.
நெருங்க நெருங்க இரண்டுக்கும் இடையே
வோம்... வோம்... என்று ஒரு துடிப்பு
மெதுவாகி, இன்னும் மெதுவாகி,
நிற்கவே இல்லை.
புதிது தன் இடத்தில் நின்றது.
வெந்தது தன் கால் பங்கைத் தேடிக்கொண்டிருந்தது.

எட்டில் ஏழு மணி ஒவ்வொரு டேக்கிலும் அடித்தன.
ஆறாவது, அந்த மயிரிழை இடம்,
ஒரே ஒரு முறை வந்தது,
போதும் என்று சலித்து விரலைச் சும்மா வைத்த டேக்கில்.
அதில் மற்ற ஏழும் தாறுமாறு.
பதிவு செய்த பென்விண்டா கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து
"வெட்டி ஒட்டட்டுமா?" என்றாள்.
ஒட்டு என்றேன்.

கேட்பவர்களுக்கு எட்டும் ஒரே மூச்சு.
எனக்கு மட்டும் ஒரு தையல்:
மூன்று நாற்பதின் விரல் ஒன்று
ஐந்து மணி விரல்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது.

புதனுக்குள் மூன்றும் மறுபடி மங்கிவிட்டன.
ஏ மட்டும் பளீரென்று கத்துகிறது,
விருந்துக்கு முந்தின நாளே வந்து
கதவைத் தட்டுகிறவன்போல.
இப்போதெல்லாம் சோப்பைத் தொடும் முன்
கட்டைவிரலை அதன்மேல் மட்டும்
ஒருமுறை ஓட்டிவிடுகிறேன்,
மேலிருந்து கீழ்வரை.